ஹார்ட் டிஸ்க் சாகிறதா, கோப்பு முறைமை மட்டும் குழம்பிவிட்டதா? லினக்ஸில் கண்டுபிடிக்கும் வழி

நேற்று வரை நன்றாக ஓடிய கணினி இன்று ஒரு கோப்பைச் சேமிக்க மறுக்கிறது. "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்கிறது. அல்லது பூட் ஆகும்போதே பாதியில் நின்று, "எஃப்எஸ்சிகே கட்டளையை நீங்களே இயக்குங்கள்" என்று கேட்கிறது. புதிதாக லினக்ஸுக்கு வந்தவர் இணையத்தில் தேடுவார். முதலில் கண்ணில் படும் பதில், கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் அந்த எஃப்எஸ்சிகே கட்டளையாகத்தான் இருக்கும். கூடவே, எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று பதில் சொல்லிவிடும் -ஒய் விருப்பமும் இருக்கும். அதை அப்படியே தட்டிவிடுவார்.

அந்த ஒரு நிமிடம் உங்களைத் தடுத்து நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன். பல வருடப் புகைப்படங்கள் இருந்த ஒரு டிஸ்கில் நானும் அப்படித்தான் தட்டினேன். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கட்டளை முடிந்தபோது அடைவுகளைக் காணோம். பெயரில்லாத, வெறும் எண்களைத் தாங்கிய கோப்புகள்தான் மிஞ்சின. பாதி திறக்கவே இல்லை. முதலில் பார்ப்பது, பிறகு நகலெடுப்பது, கடைசியில்தான் சரிசெய்வது என்ற வரிசை அன்று எனக்குத் தெரிந்திருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பெரும்பாலானவற்றுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோ தேவைப்படும். ஒற்றை எழுத்து விருப்பங்களில் ஒலி குழப்பம் தரும் என்பதால், முடிந்த இடங்களிலெல்லாம் இரட்டைக் கோட்டில் தொடங்கும் முழுச்சொல் விருப்பங்களையே தந்திருக்கிறேன்.

எது உடைந்திருக்கிறது?

ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களைத் தாங்கும் அலமாரிகள்தான் டிஸ்க். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் பதிவேடுதான் கோப்பு முறைமை. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் எல்லாம் வெவ்வேறு பதிவேட்டு முறைகள். திடீரென்று மின்சாரம் போனால் பதிவேட்டில் ஒரு வரி பாதியில் நிற்கலாம், அலமாரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எஃப்எஸ்சிகே இந்த மாதிரிக் குழப்பத்தைத் தீர்க்கப் பிறந்தது, அதைப் பிரமாதமாகவும் செய்யும்.

அலமாரியே கரையான் அரித்துக் கிடந்தால் கதை வேறு. எஃப்எஸ்சிகே டிஸ்கில் எழுதும் கருவி. படிக்க முடியாத பகுதியைக் கண்டால், பதிவேட்டைத் தனக்குள் முரணில்லாமல் ஆக்குவதற்காக அந்தப் பகுதியைச் சார்ந்த பதிவுகளை நீக்கவும் அது தயங்காது. அதன் வேலை கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்துவது, உங்கள் தரவைக் காப்பாற்றுவது அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொண்டால் இனி சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. அலமாரியும் சரி, பதிவேடும் சரி, ஆனால் நடுவில் இருக்கும் கேபிள், மின் இணைப்பு, ரேம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பழுது. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

படி 1: எழுதுவதை நிறுத்துங்கள்

டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று சீராகத் தட்டும் ஒலியோ உரசும் ஒலியோ வந்தால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். அது மென்பொருளால் தீரும் விஷயமல்ல. அதில் இருப்பது விலைமதிக்க முடியாதது, பேக்கப்பும் இல்லை என்றால் மறுபடி மின்சாரமே கொடுக்காமல் தரவு மீட்பு ஆய்வகத்திடம் ஒப்படைப்பதுதான் சரி. ஒவ்வொரு முறை சுழல விடும்போதும் தட்டின் மேல் கீறல் கூடலாம்.

ஒலி எதுவும் இல்லையென்றால், பிரச்சினை உள்ள டிஸ்கிலிருந்து பூட் செய்யாமல் லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) ஒன்றிலிருந்து பூட் செய்யுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ இதற்கென்றே ஆனது, கீழே வரும் கருவிகள் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. உபுண்டு, டெபியன் லைவ் வடிவங்களும் போதும், கருவிகளை மட்டும் நிறுவிக்கொள்ள வேண்டும். பழைய டிஸ்கின் பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) மவுண்ட் செய்யாதீர்கள், அதாவது கோப்புகளைத் திறக்கும்படி கணினியோடு இணைக்காதீர்கள்.

சரி, எந்த டிஸ்க் என்று பார்ப்போம்:

எல்எஸ்பிஎல்கே --அவுட்புட் நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,மவுண்ட்பாயிண்ட்

லிஸ்ட் பிளாக் என்பதன் சுருக்கம்தான் இந்தக் கட்டளை. வரும் பட்டியலில் எஸ்டிஏ, எஸ்டிபி என்றோ என்விஎம்இ0என்1 என்றோ பெயர்கள் இருக்கும். இந்தப் பெயர்களை நம்பாதீர்கள். இன்று எஸ்டிஏ ஆக இருப்பது அடுத்த பூட்டில் எஸ்டிபி ஆகலாம். சீரியல் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் அதோடு ஒப்பிடுங்கள். இனி எடுத்துக்காட்டுகளில் பழுதான டிஸ்க் எஸ்டிஏ என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 2: கெர்னல் என்ன சொல்கிறது?

இந்த நோயறிதலில் பாதி வேலை, லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைப் படிப்பதில் முடிந்துவிடும். அதனால் இங்கே சற்று நிதானமாகப் போவோம்.

ஜர்னல்சிடிஎல் --டிமெசேஜ் --பூட்

முதல் விருப்பத்தை டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளாகத் தட்ட வேண்டும். இந்தக் கட்டளை இப்போதைய பூட்டின் கெர்னல் செய்திகளைக் காட்டும். கணினி இன்னும் தன் டிஸ்கிலிருந்தே ஓடுகிறது, சிக்கல் நடந்தது போன முறை என்றால் பூட் என்பதோடு =-1 சேர்த்தால் முந்தைய பூட்டின் பதிவு வரும். லைவ் யூஎஸ்பியில் அந்தப் பழைய பதிவு இருக்காது. ஆனால் டிஸ்க் உண்மையில் பழுதென்றால் புதிய பதிவிலும் சீக்கிரமே பிழைகள் தெரியத் தொடங்கும்.

"எக்ஸ்ட்4-எஃப்எஸ் எரர்" என்ற வரிகள் மட்டும் இருந்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் வன்பொருள் பற்றிய வரி எதுவும் இல்லையென்றால், பதிவேட்டுக் குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிழையைக் கண்டதும் பார்ட்டிஷனை ரீட்-ஒன்லி ஆக்கிவிடும்படி எக்ஸ்ட்4-ஐ அமைக்க முடியும். பல வினியோகங்கள் ரூட் பார்ட்டிஷனை அப்படித்தான் அமைக்கின்றன. ஆகவே அந்த நிலையைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. மேலும் கெடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

"ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டர்" என்று ஓர் எண்ணோடு வரும் வரி ஒரு படி கீழே இருப்பது (செக்டர் என்பது டிஸ்கில் தரவு வைக்கும் சிறு துண்டு). கோப்பு முறைமைக்குக் கேட்டது கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஏன் கிடைக்கவில்லை என்பது பக்கத்து வரிகளில் இருக்கும். "மீடியம் எரர்", "அன்ரிகவர்டு ரீட் எரர்", அல்லது வளைந்த அடைப்புக்குள் "யுஎன்சி" என்று இருந்தால் டிஸ்கே தன் வாயால் "இந்த இடத்தை என்னால் படிக்க முடியவில்லை" என்று ஒப்புக்கொள்கிறது. ஒரே செக்டர் எண்ணோ, அடுத்தடுத்த எட்டு எண்களோ திரும்பத் திரும்ப வந்தால் ஐயம் குறைவு. இன்றைய டிஸ்குகளில் பல உள்ளுக்குள் 4096 பைட் செக்டர்களைக் கொண்டவை, வெளியே 512 பைட் செக்டர்களாகக் காட்டுபவை. ஒரு நிஜச் செக்டர் கெட்டால் எட்டு எண்கள் சேர்ந்து விழுவது அதனால்தான்.

மாறாக, "ஐசிஆர்சி", "ஹார்டு ரீசெட்டிங் லிங்க்" போன்ற வரிகள் நிறைய இருந்து, செக்டர் எண்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவினால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கணினியை அணைத்து, சாட்டா கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். மின் கேபிளையும் மாற்றுங்கள். யூஎஸ்பி டிஸ்க் என்றால் வேறு கேபிளில், வேறு துளையில், ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள். நல்ல டிஸ்குகள் பல, ஒரு மோசமான கேபிளால் குப்பைக்குப் போயிருக்கின்றன.

படி 3: டிஸ்கையே கேளுங்கள்

பெரும்பாலான டிஸ்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே பதிந்து வைக்கின்றன. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவிவிட்டு:

ஸ்மார்ட்சிடிஎல் --எக்ஸ்ஆல் /டெவ்/எஸ்டிஏ

யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் பதில் தராவிட்டால் --டிவைஸ்=சாட் என்று சேர்த்துப் பாருங்கள் (எஸ், ஏ, டி என்ற மூன்று எழுத்துகள், சாட்டா என்பதன் முதல் மூன்று). சில மலிவான பெட்டிகள் அதற்கும் மசியாது. அப்போது டிஸ்கை வெளியே எடுத்து நேரடியாக இணைக்க வேண்டும்.

மேலே "பாஸ்டு" என்று ஒரு வரி வரும். பலர் அதைப் பார்த்து நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தயாரிப்பாளர் வைத்த கடைசி எல்லையை எந்த அளவீடும் இன்னும் தாண்டவில்லை என்பதுதான் அதன் பொருள். நூற்றுக்கணக்கான செக்டர்கள் கெட்ட டிஸ்கும் "பாஸ்டு" சொல்லும். அது "ஃபெயில்டு" என்று சொன்னால் மட்டும் அப்படியே நம்புங்கள், நேராகப் படி 5-க்குப் போங்கள்.

கீழே உள்ள அட்டவணையில் எண்ணிட்ட அளவீடுகள் பல இருக்கும். வலது ஓரத்தில் இருக்கும் அசல் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு முக்கியமானவை இவை:

5 – கெட்ட செக்டருக்குப் பதிலாக, கையிருப்பில் உள்ள செக்டரை மாற்றி ஒதுக்கிய எண்ணிக்கை.
187 – டிஸ்க் திருத்த முடியாமல் போன பிழைகள். எல்லாத் தயாரிப்பிலும் இது இருக்காது.
197 – படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் காத்திருக்கும் செக்டர்கள்.
198 – டிஸ்க் தன்னைத் தானே ஆராய்ந்தபோது படிக்க முடியாதவை.
199 – கேபிள் வழியில் சிதைந்த தரவு. ஏறிய எண் இறங்காது. ஆகவே கேபிளை மாற்றிய பின் மேலும் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

இவற்றில் 197 பலரைக் குழப்பும். படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே மாற்றாது, ஏனென்றால் உள்ளே இருந்த தரவு அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும்போதுதான் முடிவெடுக்கும். எழுத்து நிலைத்தால் 197 ஒன்று குறையும், நிலைக்காவிட்டால் இடத்தை மாற்றி 5-ஐக் கூட்டும். அதனால்தான் ஃபார்மட் செய்ததும் டிஸ்க் "குணமானது" போலத் தோன்றுகிறது. மின்வெட்டின்போது எழுதிக்கொண்டிருந்த ஒரே ஒரு செக்டர் இப்படி நின்று, பிறகு 5 ஏறாமலே சரியானால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். எண் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்கை இனி எதற்கும் நம்பாதீர்கள்.

ஒரு தகவல். கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் பின்னணியில் தன்னைச் சோதிக்கும்போது காணும் பிழை) கண்ட டிஸ்குகள் அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாதவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், செத்துப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை என்றும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும், வராவிட்டால் அதை நம்பி இருக்கக் கூடாது.

எண் 1-இன் அசல் மதிப்பு கோடிக்கணக்கில் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். சீகேட் டிஸ்குகளில் அது இயல்பு, அந்த எண்ணில் வேறு கணக்குகளும் கலந்திருக்கின்றன.

என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் இந்த எண்ணிட்ட அட்டவணை இருக்காது. "கிரிட்டிக்கல் வார்னிங்" பூச்சியமாக இருக்கிறதா, "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" ஏறியிருக்கிறதா, "அவெய்லபிள் ஸ்பேர்" குறைகிறதா என்று பாருங்கள். "பெர்சன்டேஜ் யூஸ்டு" 100-ஐத் தாண்டினாலும் உடனே சாகாது, தேய்மானக் கணக்கு முடிந்தது என்றுதான் பொருள். எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் ஒலி, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரு நாள் காணாமல்போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 4: நீண்ட பரிசோதனை, ஆனால் எல்லோருக்கும் அல்ல

மேலே பார்த்தவற்றில் டிஸ்க் கெட்டது உறுதியாகிவிட்டால், தரவுக்கு பேக்கப்பும் இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டுங்கள். முழுத் தட்டையும் படிக்கும் பரிசோதனையில் டிஸ்கின் மிச்ச உயிரைச் செலவிடுவது வீண். அந்த உயிர் நகலெடுக்கத் தேவை.

இன்னும் சந்தேகமாகவே இருந்தால்:

ஸ்மார்ட்சிடிஎல் --டெஸ்ட்=லாங் /டெவ்/எஸ்டிஏ

பெரிய டிஸ்கில் இது பல மணி நேரம் எடுக்கும். லாங் என்ற இடத்தில் ஷார்ட் போட்டால் சில நிமிடங்களில் முடியும், ஆனால் தட்டின் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கும். முடிந்ததும் --லாக்=செல்ஃப்டெஸ்ட் என்று கேட்டால் முடிவு வரும். "ரீட் ஃபெயிலியர்" என்று வந்தால் தீர்ப்பு அதுதான், எந்த இடத்தில் முதலில் தடுக்கியது என்ற எண்ணும் பக்கத்தில் இருக்கும்.

படி 5: நகலெடுங்கள்

சாகும் டிஸ்கை சாதாரண நகல் கட்டளைகளால் நகலெடுக்காதீர்கள். அவை ஒரு கெட்ட செக்டரில் நின்று முட்டிக்கொண்டிருக்கும், அல்லது பாதியில் கைவிடும். குனூ டிடிரெஸ்க்யூ இதற்கென எழுதப்பட்டது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாக அள்ளும், முரண்டுபிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். எதுவரை வந்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்ளும், ஆகவே நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெபியன், உபுண்டுவில் இதன் தொகுப்புப் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ.

பழைய டிஸ்கைவிட அதிகக் காலியிடம் உள்ள வேறொரு நல்ல டிஸ்கை மவுண்ட் செய்து, அதற்குள் போய்:

டிடிரெஸ்க்யூ --ஐடைரக்ட் --நோ-ஸ்க்ரேப் /டெவ்/எஸ்டிஏ வட்டு.ஐஎம்ஜி வட்டு.மேப்

"வட்டு" என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். மூலம் முதலில், சேருமிடம் அடுத்து. ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்கே நேரடியாக எழுதப்போனால் இந்த வரிசையை மூன்று முறை சரிபாருங்கள். மாற்றிப் போட்டால் மிஞ்சியிருக்கும் தரவும் அழியும்.

முதல் சுற்று முடிந்ததும், அதே கட்டளையை --நோ-ஸ்க்ரேப் எடுத்துவிட்டு --ரீட்ரை-பாசஸ்=3 சேர்த்து ஓடவிடுங்கள். அதே வரைபடக் கோப்பு இருக்க வேண்டும். விட்டுப்போன இடங்களை மட்டும் மறுபடி முயலும். சில மணி நேரத்தில் முடியலாம், நாட்களும் ஆகலாம். டிஸ்க் மிகவும் சூடாவதாகத் தெரிந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, தொடருங்கள். பொறுமைக்குப் பலன் உண்டு: 99 சதவீதத்துக்கு மேல் மீண்ட டிஸ்குகளைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: இப்போது சரிசெய்யலாம்

டிஸ்க் நலமாக இருந்து பதிவேட்டில் மட்டும் குழப்பம் என்றால் இதை நேரடியாக டிஸ்கிலேயே செய்யலாம், பேக்கப் எடுத்த பிறகு. டிஸ்க் கெட்டது என்றால் நகலில் மட்டும் செய்யுங்கள். நகலுக்கும் ஒரு நகல் வைக்க இடமிருந்தால் இன்னும் நல்லது. முழு டிஸ்கின் நகலில் உள்ள பார்ட்டிஷன்களைத் திறக்க:

லோசெட்அப் --ஃபைண்ட் --ஷோ --பார்ட்ஸ்கேன் வட்டு.ஐஎம்ஜி

"லூப்0" போன்ற ஒரு பெயரைத் தரும். அதன் முதல் பார்ட்டிஷன் லூப்0பி1 (பி என்பது பார்ட்டிஷனின் முதலெழுத்து). எக்ஸ்ட்4 என்றால் முதலில் எதையும் மாற்றாமல் பாருங்கள்:

இ2எஃப்எஸ்சிகே -எஃப் -என் /டெவ்/லூப்0பி1

எஃப் என்றால் கட்டாயமாகச் சோதி, என் என்றால் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" சொல். ஐந்து கட்டங்களாக ஓடும்: ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பைப் பற்றிய குறிப்புகள்), அடைவு அமைப்பு, அடைவுகளின் தொடர்பு, இணைப்பு எண்ணிக்கை, கடைசியில் தொகுதிக் கணக்கு. ஐந்தாம் கட்டத்தில் மட்டும் நாலைந்து வரிகள் வந்தால் சில்லறைப் பிழை, தைரியமாக -என் எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். முதல் கட்டத்திலேயே நூற்றுக்கணக்கில் கொட்டினால் நிறுத்துங்கள். அந்த நகலை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, கிடைக்கும் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் ஒருபோதும் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். கெர்னல் ஒரு பக்கம் எழுத, இது ஒரு பக்கம் எழுத, நல்ல கோப்பு முறைமையும் நாசமாகும்.

கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கே கெட்டிருக்கிறது என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். எக்ஸ்ட்4 அதன் நகல்களைப் பல இடங்களில் வைத்திருக்கிறது. 4096 பைட் பிளாக் அளவில் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். -பி 32768 என்று சேர்த்தால் அதைப் பயன்படுத்தும் (பேக்கப் என்ற சொல்லின் முதலெழுத்து). பெயரை இழந்த கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் வந்து விழும். ஃபைல் என்ற கட்டளை அவை படமா, ஆவணமா என்று சொல்லும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் எஃப்எஸ்சிகே ஒன்றுமே செய்யாது, எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் என்ற தனிக் கருவி உண்டு, அதிலும் -என் உண்டு. பிடிஆர்எஃப்எஸ்ஸில் மவுண்ட் செய்து ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுவதுதான் முதல் வேலை. செக் கட்டளையோடு --ரிப்பேர் சேர்ப்பது கடைசிப் புகலிடம், தெரிந்தவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

எல்லாம் சுத்தம், ஆனாலும் பிழை திரும்ப வருகிறதா?

டிஸ்க் நல்லது, கேபிள் மாற்றியாயிற்று, எஃப்எஸ்சிகே சரி என்றது, இரண்டு நாளில் மறுபடி குழப்பம். இந்த நிலையில் ரேமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்86+ஸை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. தவறான ரேம், டிஸ்குக்குப் போகும் முன்பே தரவைக் கெடுத்துவிடும், டிஸ்க் அதை நம்பிக்கையோடு பத்திரமாக எழுதி வைக்கும்.

"இடமில்லை" என்று மட்டும் பிழை வந்தால் டிஎஃப் -ஐ தட்டிப் பாருங்கள். காலியிடம் இருந்தும் ஐநோடுகள் தீர்ந்திருக்கலாம். அது பழுதே அல்ல.

கடைசியாக, டிஸ்க் தப்பித்தால் ஸ்மார்ட்டி என்ற பின்னணிச் சேவையை இயக்கி வையுங்கள், ஸ்மார்ட்மான்டூல்ஸோடு சேர்ந்தே வருகிறது. அதன் அமைப்புக் கோப்பில் தினமும் அதிகாலை ஒரு குறும்பரிசோதனை, வாரம் ஒருமுறை நீண்ட பரிசோதனை என்று எழுதிவைத்தால், 5 அல்லது 197 ஏறும் முதல் நாளே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி அமைக்கலாம். இன்று பார்த்த அந்த எண்களையும் தேதியோடு எங்காவது குறித்து வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.